லிடியாவைப் பற்றிய ஐந்து வரிகள்

பேனாவால் அடித்திருந்தார். ஒரே ஒரு கோடு இழுத்திருந்தால் படிப்பது சுலபம். இவர் முதலில் குறுக்கே ஐந்தாறு கோடுகள் போட்டு, அதன் மேல் சுருள் சுருளாக, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருந்தார். அமெரிக்காவில் ஒரு பண்ணை வீட்டில், நூற்றைம்பது வருஷங்களுக்கும் முன்னால், ஒரு விவசாயி தன் டைரியில் எழுதி, எழுதியது பிடிக்காமல் அடித்துவிட்ட ஐந்து வரிகள்.

அவை ஐரோலியில் எங்கள் அலுவலகத்து ஏ.சி. குளிருக்கு நடுவே என் கணினித் திரையில் இருந்தன. படத்தைப் பெரிதாக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். எழுதிய மை பழுப்பாகவும் அடித்த மை கொஞ்சம் கறுப்பாகவும் இருந்ததால், கண் பழகப் பழக இரண்டும் பிரிந்து வந்தன. முதலில் ஒரு பெயர் கிடைத்தது. பிறகு ஒரு சால்வை. கால் மணி நேரத்தில் முழுவதையும் படித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் டீம் லீடர் வைஷாலி வந்து நின்றாள். திரையை உற்றுப் பார்த்தாள்.

“முஜே தோ குச் நஹீ திக் ரஹா. தும்ஹே?” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உனக்கு ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறாள்.

“நஹீ” என்றேன், இல்லை என்று.

“தோ இல்லெஜிபிள் டால் தோ. ஆகே சலோ.”

அவள் சொன்னபடியே ‘படிக்க இயலவில்லை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. நான் எழுதிவரும் இந்தத் தொடரில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் தானே ரயிலைப் பற்றியும் வாரக்கணக்கில் வளர்த்துக்கொண்டே போனதற்குக் காரணம், இந்த ‘நஹீ’க்கு வந்து சேர எனக்கு மனமில்லாததுதான்.

யாரோ ஒருவருடைய குடும்பம்

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்களுக்குத் தங்கள் மூதாதையர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தேடுவதில் ஆர்வம் அதிகம். பழைய டைரிகள், கடிதங்கள், தேவாலயப் பதிவேடுகள் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்புவார்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுப்பது எங்கள் வேலை. காலையில் சயானில் ரயிலேறி, தானேயில் மாறி, ஐரோலியில் இறங்கினால், சாயங்காலம் வரைக்கும் நான் வேறு யாருடைய குடும்பத்திலாவது இருப்பேன்.

அந்த எழுத்துகளைப் படிப்பது லேசல்ல. ஒரே தாளில் நேராக எழுதி, தாள் மிச்சம் பிடிக்க அதையே திருப்பி வைத்துக் குறுக்கேயும் எழுதியிருப்பார்கள். ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ மாதிரி இருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள். எனக்கு மட்டும் அது வசப்பட்டது. எப்படி என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அந்த டைரியை எங்களுக்கு அனுப்பியவர் எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். வைஷாலி அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

அவருடைய தாத்தாவின் அம்மா பெயர் லிடியா. அவள் யாரோ ஒரு மாவு மில்காரர் வீட்டில் வேலைக்காரச் சிறுமியாக வளர்ந்தவள். தனக்கு யாருமில்லை என்றே தன் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த டைரி எழுதிய விவசாயிக்கும் லிடியாவுக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆனால் அந்தப் பக்கத்தில் அதே பெயரில் நிறையக் குடும்பங்கள் இருந்தனவாம். ‘அவளுக்கு ஓர் அப்பா இருந்தாரா என்று நான் சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். லிடியா என்ற பெயர் எங்கே வந்தாலும் எனக்குச் சொல்லுங்கள்’ என்று முடித்திருந்தார்.

ஆக, நான் தெரியாமல் செய்யவில்லை.

மழை, ஓட்ஸ், வேலி

அந்த விவசாயியின் பெயர் ஜோசையா. ஒஹாயோவில் காட்டை வெட்டித் திருத்திய நிலம். ஒரு நாளைக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி எழுதுவார். மழை. ஓட்ஸ் விதைத்தோம். பசு கன்று போட்டது. வேலி அடித்தேன். இதைப் படித்துப் படித்து எனக்கே அந்த ஊரின் பருவகாலம் மனப்பாடமாகிவிட்டது. இங்கே வெளியே மே மாத வெயில் கொளுத்தும். நான் அங்கே உறைபனியில் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருப்பேன்.

முதல் மனைவி மேரி. அவளைப் பற்றி அவர் அதிகம் எழுதியதில்லை. மேரி சோப்பு காய்ச்சினாள், மேரிக்கு இருமல், இப்படித்தான். ஒரு குளிர்காலத்தில் இரண்டாவது பிரசவம். அன்றைய வரியை என்னால் மறக்க முடியவில்லை: ‘விடியும்போது மேரி போய்விட்டாள். குழந்தையும். வடக்குக் காற்று.’

மறுநாள்: ‘வேலி அடித்தேன்.’

கல் நெஞ்சு என்று முதலில் நினைத்தேன். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, அடுத்த மூன்று வாரமும் ஒரே வரிதான். வேலி அடித்தேன். வேலி அடித்தேன். அவ்வளவு வேலி அந்த நிலத்துக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஐந்து மாதம் கழித்து சாரா என்ற விதவையைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு இரண்டு பையன்கள். அடுத்த வருஷமே இவர்களுக்கு ஒரு பிள்ளை. மேரியின் முதல் பிரசவத்தில் பிறந்த மகளை டைரியில் ‘பெரியவள்’ என்றுதான் எழுதுகிறார். பெரியவள் தண்ணீர் சுமந்தாள். பெரியவளுக்குச் செருப்பு வேண்டும். பிறகு ஒரு நாள்: ‘பெரியவளைக் கொண்டுபோய் விட்டேன். பதினெட்டு வயது வரைக்கும். சாப்பாடும் துணியும் அவர்கள் பொறுப்பு. குளிர்காலத்தில் பள்ளிக்கூடம்.’

எங்கே கொண்டுபோய் விட்டார், யாரிடம் விட்டார் என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் அங்கே அது சர்வசாதாரணமாம். பிள்ளையை வேறொரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. அவளுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும்.

அந்த வரியைத் தட்டிவிட்டு எழுந்துபோய் மெஷினில் ஒரு டீ பிடித்துக்கொண்டு நின்றேன். டீ ஆறும் வரைக்கும் குடிக்கவில்லை.

முப்பிடாதி அக்கா

நான் இரண்டாம் தாரத்தின் பிள்ளை.

அப்பாவின் முதல் மனைவி தாராவிக்கு வந்த நாலாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய மகள்தான் முப்பிடாதி அக்கா. என்னைவிட ஏழு வயது பெரியவள். என் அம்மா வந்தாள், நான் பிறந்தேன், தம்பி பிறந்தான், தங்கை வயிற்றில் இருந்தாள். அப்பா குர்லாவில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டர். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. என் அம்மாவைக் கொடுமைக்காரியாக்கி எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவள் அப்படியில்லை. “அங்க போனா மூணு வேளையும் சோறு திம்பா” என்று அம்மா சொன்னதை நம்பித்தான் சொன்னாள்.

அக்காவுக்குப் பதினொரு வயதில் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். அந்த வீட்டில் முப்பிடாதி என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று மீனா ஆக்கிவிட்டார்கள்.

மாதத்துக்கொரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். நாங்கள் கட்டடத்துக்குக் கீழே கேட்டருகில் நின்றோம். அக்கா யாருடைய பழைய கவுனையோ போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். எனக்கு க்ரீம் பிஸ்கட் கொடுத்தாள். அப்பா “நல்லா இருக்கியா?” என்று கேட்டார். அக்கா “ம்” என்றாள். மேலே பால்கனியிலிருந்து ஒரு குரல், “மீனா, கொழந்தை முழிச்சுண்டுட்டா பாரு” என்றது. அக்கா ஓடிவிட்டாள்.

வழியெல்லாம் நான் அப்பாவை நச்சரித்தேன், என்னையும் அந்த வீட்டில் விடச் சொல்லி. அங்கே ஃபேன் இருந்தது, மாடி இருந்தது, பிஸ்கட் இருந்தது. அக்கா அதிர்ஷ்டக்காரி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுப் பெரிய பெண் எழுதித் தீர்த்த நாலுகோடு நோட்டுகளை அக்கா எனக்காகச் சேர்த்து வைத்துக் கொடுத்துவிடுவாள். கான்வென்ட் பிள்ளையின் கூட்டெழுத்து. சங்கிலி மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும் ஆங்கிலம். அதன் மேலேயே பென்சிலால் எழுதி எழுதிப் பழகினேன். எனக்கு அந்தக் கையெழுத்து வசப்பட்டது இப்படித்தான். வேலைக்கு எடுத்தபோது, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். ஸ்கூலில் என்று சொன்னேன்.

அடித்த இடத்தில் இருந்தது

அந்த ஐந்து வரிகளைத் தமிழில் சொல்கிறேன்.

‘லிடியா மில்லிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். பதினோரு மைல். சால்வையைக் கழற்ற நான் விடவில்லை. அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டேன். என் முகத்தை அவள் பார்க்காதபடி முன்னால் நடந்தேன். மேரியை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். இந்தக் குழந்தைக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன்.’

பெரியவர் தேடிய எல்லாமே அதில் இருந்தது. லிடியா என்ற பெயர், மில், அம்மா யார், அப்பா யார். வேறு எந்தப் பக்கத்திலும் இல்லாத பெயர், அடித்த இடத்தில் மட்டும் இருந்தது.

நான் ஏன் ‘நஹீ’ என்றேன்? அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குள் ஓடியது இதுதான்: எண்பது வயசு மனுஷர். தாத்தாவின் அம்மா அனாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அனாதை என்றால் பாவம், அதோடு முடிந்தது. வாசல் வரைக்கும் வந்த பிள்ளையைச் சால்வையோடு திருப்பிக் கொண்டுபோய் விட்ட அப்பன் இருந்தான் என்று தெரிந்து அவர் என்ன செய்யப் போகிறார்? அனாதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரக்கம் என்றுதான் அப்போது நம்பினேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வரிகள் என் கண்ணை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. மிக மரியாதையாக எழுதியிருந்தார். இன்ன பக்கத்தில் அடித்திருக்கும் பகுதியைத் தயவுசெய்து இன்னொரு முறை பார்க்க முடியுமா, என் கண்ணுக்கு ‘எல்’ மாதிரி ஒன்று தெரிகிறது, பேராசையாகவும் இருக்கலாம் என்று.

வைஷாலி அதை எனக்கே அனுப்பினாள். பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். இப்போது கண் பழகியிருந்ததால் பெரிதாக்காமலே படிக்க முடிந்தது. ‘மறுபடி பார்த்தோம், வருந்துகிறோம்’ என்று எழுதி அனுப்பினேன். முதல் தடவை வாய் தவறிச் சொன்னது என்றாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது தடவைக்கு ஒரு சமாதானமும் இல்லை.

செம்பூரில் ஒரு ஞாயிறு

ஒன்றரை வருஷம் போயிருக்கும். அக்கா செம்பூரில் இருக்கிறாள். அத்தான் டெம்போ ஓட்டுகிறார். அக்கா பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மொச்சை உரித்துக்கொண்டே என் வேலையைப் பற்றிக் கேட்டாள். பேச்சுவாக்கில் அந்த அமெரிக்கக் குடும்பத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்த முடியவில்லை.

“அந்தப் பிள்ள நடந்தா வந்துச்சு?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா. பதினோரு மைலு.”

“அவ அப்பன் என்ன செஞ்சான்?”

“சால்வையக்கூடக் கழட்ட விடல. அன்னைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டான்.”

“கூடவே நடந்தா போனான்?”

“ஆமா. அவன் மூஞ்சிய அவ பாத்துரக் கூடாதுன்னு முன்னால நடந்தானாம்.”

அக்காவின் கை நின்றுவிட்டது. “அந்தப் பெரியவரு இதைக் கேட்டு என்ன சொன்னாரு?”

“நான் சொல்லலக்கா.”

“ஏன்?”

“தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னு…”

“சங்கடப்பட்டா படட்டும். அவரு கேட்டாருல்லா? ரெண்டு மட்டம் கேட்டிருக்காரு. நீ யாருட்டி அதைத் தீர்மானம் பண்ண?”

அக்கா என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. மொச்சைத் தோலை எல்லாம் ஒரு பக்கமாகக் கூட்டி வைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நானும் ஒரு நாள் வந்தேன்.”

“எங்கக்கா?”

“நம்ம வீட்டுக்கு. மாட்டுங்கா போயி பத்துப் பன்னெண்டு நாள்தான் ஆயிருக்கும். பால் வாங்கிட்டு வரச் சொன்னாவ. கால் அதுபாட்டுக்கு நடந்துட்டு. கிங்ஸ் சர்க்கிள் தாண்டி, சயான் தாண்டி, நம்ம சந்து முனை வரைக்கும் வந்துட்டேன். அப்பா வாசல்ல ஒக்காந்து ஒனக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாரு. நீ அவரு மடியில இருந்த. என்னமோ சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சிய.”

“கூப்பிட வேண்டியதுதானக்கா?”

“தோணல. கொஞ்ச நேரம் நின்னேன். பெறகு திரும்பிப் போயி பாலை வாங்கிக் கொடுத்துட்டேன். ஏன் இவ்வளவு நேரம்னு மாமி கேட்டாவ. லைன்ல கூட்டம்னு சொன்னேன்.”

அப்பா இறந்து அப்போது ஆறு வருஷம். அவருக்கு இது தெரியவே தெரியாது.

“என்னைய யாரும் வெரட்டலட்டி. நானாத்தான் போனேன்” என்றாள் அக்கா. “அந்தப் பிள்ளைக்கு அவ அப்பன் பதினோரு மைலும் கூட நடந்தாம்லா. அது யாருக்குத் தெரிய வேண்டாம்னு நீ மறைச்ச?”

பதில்

மறுநாள் வைஷாலியிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். “தப் க்யோன் நஹீ போலா?” என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாள். தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அன்று மாலையே ஐந்து வரிகளையும், எழுத்தெழுத்தாகக் குறியிட்ட படத்தையும் பெரியவருக்கு அனுப்பிவைத்தாள். முதல் தடவையே படிக்க முடிந்தது, சொல்லாமல் விட்டது என் தவறு என்று கீழே நானே எழுதினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவோடு போயிற்று.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பெரியவரின் மகள் எழுதியிருந்தார்.

அப்பா போன இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார் என்றார். குடும்ப வரலாற்றைப் புத்தகமாக அச்சடித்து உறவினர் எல்லோருக்கும் அவர் கையாலேயே முகவரி எழுதி அனுப்பிவிட்டுத்தான் போனாராம். அதில் லிடியாவுக்கு நேரே ‘பெற்றோர் தெரியவில்லை’ என்று இருக்கிறதாம். எங்கள் வீட்டுப் பிரதியில் இந்த வரிகளை நான் கையால் எழுதிக்கொள்கிறேன், மற்றவர்களிடம் போன புத்தகங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை, சிரமம் எடுத்துப் படித்துக் கொடுத்ததற்கு நன்றி என்று முடித்திருந்தார். என்மேல் ஒரு கடிந்த சொல்கூட இல்லை.

அந்த வாரமே செம்பூருக்குப் போனேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். அம்மாக்கள் யாரும் இன்னும் வராத இரண்டு வாண்டுகள் அக்காவின் இரண்டு பக்கமும் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தன. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

“போயிட்டாரா?” என்றாள் அக்கா. பிறகு, “அந்த மக ஏசினாளா ஒன்னைய?”

“இல்லக்கா. நன்றி சொல்லியிருக்கா.”

“ஏசியிருக்கலாம்.”

“நீயாவது ஏசுக்கா” என்றேன். நான் கேட்டது பெரியவர் விஷயத்துக்கு மட்டுமில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரிந்துகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஒன்னைய எதுக்குட்டி ஏச? நீ அப்பா மடியில இருந்த. பிள்ளைனா அங்கதான இருக்கணும்.”